ஜெக்கிலை வேறு தளத்தில் மறுபடைத்தல்: எந்த அளவு ஒத்துப்போனால் போதும்?

மொரீஷியஸில் எங்கள் கோவில் சபையின் இணையதளம் பன்னிரண்டு ஆண்டுகளாக ஜெக்கில் என்னும் நிலைத்தள உருவாக்கியைக் கொண்டே நடந்து வருகிறது. தைப்பூசக் காவடி, சித்திரைப் புத்தாண்டு, தீமிதி, புரட்டாசி கோவிந்தன் விரதம் ஆகியவற்றின் அறிவிப்புகளும், பூசையில் பாடும் பதிகங்களும், பிள்ளைகளுக்கான தமிழ் வகுப்புப் பாடங்களும் அதில் உள்ளன. தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் கொஞ்சம் கிரியோலிலும் பக்கங்கள் இருக்கின்றன. தரவுத்தளம் எதுவும் கிடையாது; எழுதிய கோப்புகளைக் கருவியிடம் கொடுத்தால் முழுத் தளமும் ஆயத்தப் பக்கங்களாக வெளிவரும், அவற்றை வெளிநாட்டில் உள்ள வழங்கியில் ஏற்றிவிட்டால் புயல் எச்சரிக்கை நாளில் இங்கே மின்சாரம் நின்றாலும் தளம் நிற்பதில்லை. இந்த ஏற்பாட்டைப் பற்றி எவருக்கும் குறையில்லை. சிக்கல் ஜெக்கில் எழுதப்பட்டிருக்கும் ரூபி மொழியில்தான்: அதை அறிந்திருந்தவர் நாட்டை விட்டுப் போய்விட்டார். இப்போது பொறுப்பேற்க முன்வந்திருக்கும் இரு இளைஞர்களும் எபேன் சைபர் சிட்டி என்னும் தொழில்நுட்ப வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள். ஒருவருக்கு டாட்நெட் பழக்கம், மற்றவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் பழக்கம்.

ஆகவே எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. முதலாவது, ரூபியையும் அதற்குத் தேவையானவற்றையும் கொள்கலன் என்னும் மென்பொருள் பெட்டியில் அடைத்து இருக்கிறபடியே ஓட்டுவது. இரண்டாவது, ஜெக்கிலின் நடத்தையை அப்படியே டாட்நெட்டில் மறுபடைப்பது. இதற்கு பிரெட்செல் என்னும் முன்மாதிரியே உண்டு, ரஸ்ட் மொழியில் கோபால்ட் என்னும் கருவியும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்டில் உள்ள இலெவன்டி என்னும் உருவாக்கியை எடுத்து, லிக்விட் என்னும் வார்ப்புரு மொழியில் எழுதிய ஜெக்கில் வார்ப்புருக்களைக் கூடியவரை அதில் ஓடவைக்கும் ஓர் ஒத்திசைவு அடுக்கை நாங்களே எழுதுவது. நான்காவது, ஒரே முறையாக, கோ மொழியில் எழுதப்பட்ட ஹியூகோ என்னும் உருவாக்கிக்கு மாறி வார்ப்புருக்கள் அனைத்தையும் கோ மொழியின் முறையில் புதிதாக எழுதுவது.

முதல் கூட்டத்தில் நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான்: இடப்புறம் ஜெக்கிலின் வசதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொரு கருவிக்கும் நேராக உண்டு, இல்லை என்று குறியிட்டோம். முன்குறிப்பு (கோப்பின் தலையில் எழுதும் விவரங்கள்), தளவமைப்பு, தரவுக் கோப்பு, குறிச்சொல், பக்கப் பகுப்பு, ஓடை (புதிய பதிவுகளைப் படிப்பான் செயலிகளுக்கு அறிவிக்கும் கோப்பு) என்று எல்லா வரிகளிலும் எல்லாக் கருவிகளுக்கும் ‘உண்டு’ என்றே விழுந்தது. அந்தப் பட்டியலை வைத்து முடிவெடுத்திருந்தால் தவறியிருப்போம் என்பதை அடுத்த வாரமே கண்டோம். ஒரு வசதி இருக்கிறதா என்ற கேள்விக்கும், அது ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீட்டைத் தருகிறதா என்ற கேள்விக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான தூரம் இருக்கிறது. பட்டியலை ஒதுக்கிவிட்டு, பழைய கருவியின் வெளியீட்டுக் கோப்புறையையும் புதிய கருவியின் வெளியீட்டுக் கோப்புறையையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் உண்மையான ஒப்பீடு தொடங்கியது.

முதலில் இடித்தது முகவரி. எங்கள் பதிவுக் கோப்புகள் பலவற்றுக்குத் தமிழிலேயே பெயர் உண்டு. 2017 பிப்ரவரி 9 அன்று வந்த தைப்பூசத்துக்கான கோப்பு, நாளுக்குப் பின் ‘தைப்பூசக்-காவடி’ என்று முடியும். ஜெக்கில் அந்தப் பெயரைச் சிதைக்காமல் முகவரியில் வைக்கிறது. மறுபடைப்பு எழுதுகிறவர் பெயரிலிருந்து வேண்டாத எழுத்துகளைக் களைய, வழக்கமான தேடல் கோவையில் (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் குறியீட்டு வரி) ‘சொல்லெழுத்து அல்லாதவற்றை நீக்கு’ என்று ஒரு வரி எழுதிவிடுவார். அந்தச் சொல்லெழுத்து என்பது ஒவ்வொரு நிரல்மொழியிலும் வேறு. யூனிகோடில் க, ச, ட போன்றவை எழுத்துகள். கால், கொம்பு, புள்ளி முதலான துணைக்குறிகளோ எழுத்துகள் அல்ல, அவை ‘குறி’ என்னும் தனி வகை. ரூபியில் எழுதிய ஜெக்கில் தன் கோவையில் அக்குறிகளையும் சேர்த்தே கொள்கிறது. பைதானின் இயல்பான தேடல் கோவை அவற்றை விலக்கிவிடுவதால் ‘தபபசக-கவட’ மிஞ்சும். டாட்நெட் குறிகளிலும் இரண்டு சாதி பார்க்கிறது: இடம் பிடிக்காத குறியான புள்ளியை வைத்துக்கொண்டு, இடம் பிடிக்கும் குறிகளான கால், கொம்பு முதலியவற்றை விட்டுவிடும், எங்கள் இளைஞர் தம் கணினியில் ஓட்டியபோது திரையில் வந்தது ‘தப்பசக்-கவட’. ஜாவாஸ்கிரிப்ட் இவற்றில் எதையுமே எழுத்தாகக் கருதாததால் நடுவில் உள்ள இணைகோடு ஒன்றுதான் எஞ்சியது. நான்கு மொழிகளுக்கும் நான்கு விடைகள். பட்டியலிலோ நான்குக்கும் ‘உண்டு’ என்றுதான் குறியிட்டிருந்தோம்.

ஹியூகோ இந்த இடத்தில் நன்றாக நடந்துகொள்கிறது, துணைக்குறிகளை விடாமல் வைக்கிறது. ஆனால் அதில் முகவரியின் உச்சரிப்புக் குறிகளை நீக்கும் ஓர் அமைப்பு உண்டு. பிரெஞ்சுப் பக்கங்களை வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதைத் திறந்துவைக்கும் ஆசை இயல்பாகவே வரும், ஏனெனில் ‘ஃபேத்’ என்னும் திருவிழாச் சொல்லின் தலைமேலுள்ள குல்லாய் முகவரியில் விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறுவதை எவரும் விரும்புவதில்லை. அதைத் திறந்தால் பிரெஞ்சின் குல்லாயோடு தமிழின் புள்ளியும் போய்விடும். இரு மொழிகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. ‘பொங்கல்’ என்னும் சொல்லின் முதல் உயிர்மெய்யை யூனிகோடில் இரு விதமாக எழுதலாம்: ஒகரக் குறியை ஒரே அலகாக இடலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அப்படிப்பட்ட கணினியிலிருந்து ஏற்றிய பொங்கல் படங்கள் ஒரு வடிவத்திலும், அவற்றைச் சுட்டும் வரிகள் மற்றொரு வடிவத்திலும் எங்களிடம் கலந்து கிடந்தன. எந்தக் கருவியும் இதைச் சரிசெய்து தரும் என்று நம்பக்கூடாது. கருவியை மாற்றும் முன்பே எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, பழைய வடிவத்தில் வருவோரைப் புதியதற்குத் திருப்பிவிடும் பக்கம் ஒன்றை வைப்பதே வழி.

முகவரிக்கு இவ்வளவு இடம் கொடுப்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் விழா அழைப்பிதழ்களில் கியூஆர் குறியாக அச்சேறியவை இந்த முகவரிகள்தாம். தமிழாசிரியர்கள் பாடத்தாள்களின் அடியில் எழுதிவைத்திருப்பவையும் இவைதாம். வார்ப்புருவை நாளை மாற்றிக்கொள்ளலாம், வீட்டுக்கு வீடு போய்விட்ட தாளை மாற்ற முடியாது.

அடுத்தது நாள். மொரீஷியஸ் நேரம் உலகப் பொது நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்னால் இருக்கிறது. புத்தாண்டு வாழ்த்து ஒன்றை ஏப்ரல் 14 நள்ளிரவு கடந்து அரை மணிக்கு எழுதி, முன்குறிப்பில் நேரத்தை +0400 என்னும் மண்டலக் குறியோடு கொடுத்திருந்தோம். ஜெக்கிலின் அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் மொரீஷியஸ் என்று இருந்ததால் முகவரி ஏப்ரல் 14 என்றே அமைந்தது. தொலைவிலுள்ள வழங்கியில், பொது நேரத்தில் ஓடும் ஒரு கருவி அதே பதிவை 13ஆம் தேதி இரவு எட்டரை என்று கணக்கிடுகிறது. நாள் முகவரியில் இடம்பெறுவதால் பக்கமே வேறிடத்துக்குப் போகிறது. சுவையான செய்தி என்னவென்றால், ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் பலரும் முறையிடும் ‘ஒரு நாள் பின்தங்கும்’ பிழை இதன் மறுபக்கம்: நேரமின்றி நாள் மட்டும் கொடுத்தால் கருவி அதைப் பொது நேர நள்ளிரவாகக் கொள்கிறது, அமெரிக்காவில் இருப்பவருக்கு அது முந்தைய நாள் மாலை. நம் தீவிலோ அது அதே நாள் விடியற்காலை நான்கு மணி, எனவே அந்தப் பிழை இங்கே சோதிப்பவர் கண்ணில் படவே படாது. சொந்தக் கணினியில் சரியாக இருந்ததை வைத்து வழங்கியிலும் சரியாக இருக்கும் என்று நாங்கள் எண்ணியது இதனால்தான்.

நாளை அச்சிடும் முறையிலும் இணக்கம் மேற்பூச்சாகவே இருக்கிறது. லிக்விட் மொழியில் நாள் வடிகட்டி விழுக்காட்டுக் குறியோடு கூடிய ரூபி வடிவத்தை எதிர்பார்க்கிறது. அதன் டாட்நெட் மறுபடைப்பான டாட்லிக்விட்டிலும் அதே பெயரில் வடிகட்டி உண்டு, ஆனால் இயல்பு நிலையில் டாட்நெட்டின் வடிவ எழுத்துகளையே அது புரிந்துகொள்ளும். ரூபி வடிவம் வேண்டுமென்றால் தனியே கேட்க வேண்டும். கோ மொழியோ 2006 ஜனவரி 2 என்னும் ஒரு மாதிரி நாளை எழுதிக்காட்டச் சொல்கிறது. மாதப் பெயரைத் தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சிட ஹியூகோவில் உள்ளமைந்த வழி இருக்கிறது. ஜெக்கிலில் அது இல்லாததால்தான் முன்பு இருந்தவர் ஒரு சிறு செருகுநிரலை ரூபியில் எழுதிவைத்தார். இரண்டாவது வழியின் பெரிய ஓட்டை இங்கேதான் தெரிகிறது: வார்ப்புருக்களை மாற்றாமல் ஓட்டலாம் என்பதே முழு மறுபடைப்பின் கவர்ச்சி, ஆனால் ரூபியில் எழுதிய செருகுநிரல் எந்த மறுபடைப்பிலும் ஓடாது.

வார்ப்புருவுக்குள்ளே உண்மை, பொய் என்பதற்கும் ஊருக்கு ஊர் வேறு இலக்கணம். லிக்விட்டில் இன்மையும் ‘பொய்’ என்னும் மதிப்பும் மட்டுமே பொய். வெற்றுச் சரமும் சுழியமும் உண்மை. கோ மொழியின் வார்ப்புருக்கள், பைதான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றிலும் வெற்றுச் சரமும் சுழியமும் பொய். எங்கள் பதிவுகளில் படத்துக்கான புலத்தைச் சிலர் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள், சிலர் இரண்டு மேற்கோள் குறிகளை இட்டு நடுவே வெறுமையாக விட்டிருந்தார்கள். முதல் வகை எல்லா இடத்திலும் பொய். இரண்டாம் வகை ஜெக்கிலில் உண்மையாகி, படமில்லாத ஒரு வெற்றுச் சட்டத்தை அச்சிட்டுவந்தது. ஹியூகோவில் அச்சட்டம் மறைந்துவிடும். இதை இணக்கக் குறைவு என்பதா, இலவசமாகக் கிடைத்த திருத்தம் என்பதா?

முன்குறிப்பை எழுதப் பயன்படும் யாமல் என்னும் தரவு வடிவத்தில் இதைவிடக் கொடியது ஒன்று இருக்கிறது. அன்னதானத்துக்கு முன்பதிவு வேண்டுமா என்பதற்கு ஒரு புலம் வைத்திருந்தோம். அதில் ‘யெஸ்’ அல்லது ‘நோ’ என்று ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். ரூபியின் பக்கத்தில் பின்பற்றப்படும் யாமலின் பழைய விதிப்படி ‘நோ’ என்பது பொய் என்னும் மதிப்பாகவே படிக்கப்படும். இலெவன்டி பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் அதை இரண்டெழுத்துச் சரமாகவே படிக்கிறது, காலியாக இல்லாத சரம் எங்கும் உண்மை. விளைவாக, முன்பதிவு வேண்டாம் என்று எழுதிய ஒவ்வொரு விழாவுக்கும் முன்பதிவுப் பொத்தான் முளைத்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. கட்டமைப்பு வெற்றி என்றே கருவி சொன்னது. இதே மௌனம் வேறோரிடத்திலும் உண்டு: ஜெக்கிலில் முன்குறிப்புப் புலங்கள் ‘பக்கம்’ என்னும் மாறிக்குள் அமர்கின்றன, இலெவன்டியில் அவை மேல்மட்டத்தில் நேரடியாக நிற்கின்றன, மாற்றாமல் விட்ட வார்ப்புரு தலைப்பு இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக அச்சிட்டுவிட்டு அமைதியாகப் போய்விடும், ஏனெனில் இல்லாத மாறியை லிக்விட் பிழையாகக் கருதுவதில்லை.

பக்கங்களின் உரையை எழுதும் எளிய குறியீட்டு முறையான மார்க்டவுனில் எங்களுக்கு வலித்த இடம் பதிகங்கள். பாட்டின் அடிகளை முறித்துக் காட்ட வரியின் இறுதியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டிருந்தோம். ஜெக்கிலின் மார்க்டவுன் மாற்றியான கிராம்டவுனில் அது முறையான வரி முறிப்பு. மார்க்டவுனுக்கான பொது வரையறையான காமன்மார்க் விதியிலோ ஒரே பின்சாய்கோடுதான் வரியை முறிக்கும். இரண்டை இட்டால் முதலாவது இரண்டாவதைக் காப்பாற்றி, ஒரு சாய்கோடு வெளியே அச்சாகி, அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஹியூகோ 2019 இறுதியிலிருந்து இயல்பாகப் பயன்படுத்தும் கோல்ட்மார்க் காமன்மார்க் வழி நிற்பது. இலெவன்டியோடு வரும் மார்க்டவுன்-ஐட்டியும் அவ்வழியே. நான்கடிப் பாட்டு மூன்று சாய்கோடுகளோடு உரைநடையாகக் கிடந்ததைப் பார்த்த எங்கள் ஓதுவார் ‘இது என்ன தம்பி, சந்தத்துக்குத் தடுப்புக் கட்டை போட்டிருக்கிறீர்கள்?’ என்றார். இதற்கு மருந்து எளிது, கோப்புகளில் ஒரே தேடி மாற்றல் போதும். கோல்ட்மார்க் பக்கத்துக்குள் நேரடியாக எழுதிய எச்டிஎம்எல் குறிகளை இயல்பு நிலையில் நீக்கிவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதற்கும் ஓர் அமைப்பு வரி உண்டு.

ஓடையைப் பற்றி ஒரு சொல். ஓடைப் படிப்பான்கள் பதிவை அதன் அடையாளச் சரத்தால்தான் அறிகின்றன; அது மாறினால் பன்னிரண்டு ஆண்டு அறிவிப்புகளும் புதியனபோல் ஒரே காலையில் உறுப்பினர்களின் கைப்பேசியில் கொட்டும். பழைய பதிவுகளுக்குப் பழைய அடையாளத்தையே எழுதித் தர வேண்டும், எந்தக் கருவியானாலும்.

இனி வழிகளை எடைபோடலாம். ரூபியைக் கொள்கலனில் அடைக்கும் வழி ஓராண்டுக்குத் தாங்கும். திறந்து பழுதுபார்க்க ஆளில்லாத பெட்டியை நம்பி அதற்கு மேல் நாள் தள்ளுவதை நான் ஆதரிக்கவில்லை.

முழு மறுபடைப்பு நிரலாளருக்கு மிகவும் இனிக்கும் வழி, அதனாலேயே எனக்கு ஐயம். எந்த ஜெக்கிலோடு ஒத்துப்போவது என்பதற்கே விடை இல்லை: 2019இல் வந்த நான்காம் பதிப்பில் இணைப்புக் குறிச்சொற்கள் தளத்தின் அடிமுகவரியைத் தாமே சேர்த்துக்கொள்கின்றன, மூன்றாம் பதிப்பில் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். ஜெக்கிலே தன் முந்தைய பதிப்போடு முழுதாக ஒத்துப்போகாதபோது, அதன் நகல் எதோடு ஒத்துப்போகும்? பிழைகளையும் சேர்த்து நகலெடுக்கும் கடமை வேறு. எங்கள் குறிச்சொல் பட்டியல் யூனிகோடு எண் வரிசையில் அமைந்ததால் னகரம் பகரத்துக்கு முன்னும், றகரம் லகரத்துக்கு முன்னும் வந்துகொண்டிருந்தன; தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளை கூடச் சிரிக்கும் வரிசை அது. முழு இணக்கம் என்று வாக்குக் கொடுத்தால் அந்தத் தவறையும் பாதுகாக்க வேண்டும். பலருக்காகக் கருவி செய்பவருக்கு அப்படிப்பட்ட கண்டிப்பு தேவைதான், அவர் எவருடைய தளம் எதை நம்பியிருக்கிறது என்று அறியமாட்டார். ஒரே தளத்தை வைத்திருக்கும் எங்களுக்கு அது வீண்.

ஹியூகோவுக்கும் இலெவன்டிக்கும் இடையேதான் உண்மையான போட்டி. பல மொழி ஏற்பாடு ஹியூகோவில் அடித்தளத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தின் தமிழ், பிரெஞ்சு, ஆங்கில வடிவங்களை அது தானே இணைத்துக்கொள்ளும். ஒரே இயக்கக் கோப்பாக வருவதால் சபையின் பழைய விண்டோஸ் கணினியிலும் நிறுவல் வேலை இல்லாமல் ஓடும், பழைய பக்கங்களைத் திருப்பிவிடும் மாற்றுமுகவரி வசதியும் கூடவே வருகிறது. தளத்தை இன்று புதிதாகத் தொடங்குவதாயிருந்தால் தயங்காமல் அதையே சொல்வேன். ஆனால் வார்ப்புருக்கள் அனைத்தையும் புதிதாக எழுத வேண்டும், எழுதி முடிக்கும்வரை பழைய வெளியீட்டோடு ஒப்பிடவே முடியாது. இலெவன்டியில் லிக்விட் வார்ப்புருக்கள் முதல் நாளே பாதி ஓடின. ஜெக்கில் முறையில் துணைக்கோப்பை அழைப்பதற்கென்றே அதன் லிக்விட் இயந்திரத்தில் ஓர் அமைப்பு இருக்கிறது; உண்மை பொய் இலக்கணத்திலும் அது லிக்விட்டின் பழைய விதியையே இயல்பாகப் பின்பற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு நாளும் இரு கோப்புறைகளையும் ஒப்பிட்டு, வேறுபாடு குறைந்துவருவதைக் கண்ணால் பார்த்தபடியே முன்னேற முடிந்தது. எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பல மொழி இணைப்பை நாங்களே எழுத வேண்டியிருப்பது அதன் விலை, அதைத் தெரிந்தே ஏற்றோம்.

எதில் ஒத்துப்போவது, எதில் போகாதது என்று பிரித்து எழுதிய தாள் இப்போது களஞ்சியத்தின் முதல் கோப்பாக இருக்கிறது. முகவரிகளும் ஓடை அடையாளங்களும் எழுத்துக்கு எழுத்து மாறக்கூடாது. இலெவன்டி ஓடி முடிந்ததும் ஒரு சிறு நிரல் பழைய முகவரிப் பட்டியலைப் படித்து, ஒன்று குறைந்தாலும் வெளியீட்டை நிறுத்திவிடும். பக்கத்தில் அச்சாகும் நாளும் பாட்டின் அடிகளும் மாறக்கூடாது. ‘நோ’ என்று எழுதிய புலங்கள் எல்லாம் யாமலின் இரு விதிகளிலும் பொய்யாகவே படிக்கப்படும் சொல்லுக்கு மாற்றப்பட்டுவிட்டன. குறிச்சொல் வரிசை தமிழ் நெடுங்கணக்குக்கு மாறியது, வெற்றுப் படச்சட்டம் வார்ப்புருவில் ஒரு நிபந்தனை சேர்த்து நீக்கப்பட்டது. பக்கப் பகுப்பின் எண் முகவரிகளைக் கைவிட்டோம், அவற்றை எவரும் தாளில் அச்சிட்டதில்லை. டாட்நெட் அறிந்த இளைஞர் தம் மறுபடைப்பை விடாமல் மாலை நேரங்களில் எழுதிவருகிறார். ‘தப்பசக்-கவட’ இப்போது அவருடைய முதல் சோதனை வரி.